மாமனார் மூட்டிய தீயும் நூறு டிகிரியும்

மற்ற வீடுகளில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை நடக்கும். எங்கள் வீட்டில் மாமனாருக்கும் மருமகளுக்கும் நடந்தது. அதுவும் கேஸ் அடுப்பின் திருகைப் பிடித்துக்கொண்டு. உலை கொதித்ததும் நான் தீயைக் குறைப்பேன். நான் கொல்லைப் பக்கம் போனதும் அவர் வந்து கூட்டுவார். நான் திரும்பி வந்து குறைப்பேன். செய்தித்தாள் படிப்பதுபோல் உட்கார்ந்திருக்கும் அவர், நான் மறுபடி எப்போது எழுந்துபோவேன் என்று பார்த்துக்கொண்டிருப்பார். எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகி விழுப்புரத்துக்கு வந்த முதல் வருஷம் முழுக்க இந்த யுத்தத்திலேயே போயிற்று.

மாமனார் ரயில்வேயில் நீராவி என்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்து, டிரைவராக உயர்ந்து, டீசல் என்ஜின் வந்ததும் அதை ஒரு வண்டியாகவே மதிக்காமல் வீட்டுக்கு வந்தவர். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைக் கொதிக்க வைத்துச் சம்பளம் வாங்கிய மனிதர். நான் அதே தண்ணீரைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேறியவள், அவ்வளவுதான். எனவே எங்கள் வீட்டில் வெப்பவியலுக்கு அவர்தான் சுப்ரீம் கோர்ட்.

“கரிய போட்டா முள்ளு ஏறும், முள்ளு ஏறினா வண்டி ஓடும். இதுல இன்னாத்துக்கு படிப்பு?” என்பார். முள் என்றது பாய்லரின் அழுத்தமானியில் உள்ள முள்ளை. தீ அதிகமானால் சூடு அதிகமாகும், சூடு அதிகமானால் சோறு சீக்கிரம் வேகும். இது அவருடைய சித்தாந்தம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நாலாவது காலைக் காட்ட முடியுமா?

அந்தச் சித்தாந்தத்துக்குப் பலியானது சிலிண்டர். அப்போதெல்லாம் ஒரே சிலிண்டர்தான் தருவார்கள். தீர்ந்துபோனால் பதிவு செய்துவிட்டு, அது எப்போது வருமோ என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுவரை ரேஷன் மண்ணெண்ணெயும் பம்பு ஸ்டவ்வும்தான். ஸ்டவ்வுக்குக் காற்றடித்து என் மாமியாரான அத்தையின் தோள்பட்டை இறங்கிப்போகும். ‘என்ன இவ்வளவு சீக்கிரம் தீந்துபோச்சு, அளவு கம்மியா குடுக்கறானுங்க’ என்று மாமனார் கேஸ் கம்பெனியைத் திட்டுவார்.

குக்கர் இருந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். என் அம்மா வீட்டுச் சீரில் ஒரு குக்கர் வந்தது. வந்த பெட்டியோடு அப்படியே பரண்மேல் போயிற்று. பாய்லர் வெடித்தால் என்ன ஆகும் என்பது மாமனாருக்குத் தெரியுமாம். “எந்த இன்ஸ்பெக்டர் செக் பண்ண வால்வு இது? விசில நம்பி வீட்ட உட முடியுமா?” என்று கேட்டார். ஆக, நீராவியை நம்பிப் பிழைத்த குடும்பத்தில் திறந்த பானையில் சோறு வடித்துக்கொண்டிருந்தோம்.

நான் திண்டிவனத்தில் பிறந்து, அங்கேயே கல்லூரியில் இயற்பியல் படித்தவள். அந்தப் படிப்பில் என் மூக்கிலேயே தங்கிவிட்ட ஒரு சோதனை உண்டு. பாச்சை உருண்டையைக் கண்ணாடிக் குழாயில் போட்டு உருக்கி, தெர்மாமீட்டரைச் செருகி, அது ஆற ஆறச் சூட்டைக் குறித்துக்கொண்டே வரவேண்டும். சூடு மளமளவென்று இறங்கும். எண்பதுக்கு வந்ததும் நின்றுவிடும். தெர்மாமீட்டர் கெட்டுப்போயிற்றா என்று எல்லாப் பெண்களும் ஒரு தடவை தட்டிப் பார்ப்போம். கெடவில்லை. குழாய்க்குள் திரவம் கட்டியாகிக்கொண்டிருக்கும். சூடு வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும், ஆனால் கடைசிச் சொட்டு இறுகுகிறவரை அளவு அசையாது. எல்லாம் இறுகிய பிறகுதான் மறுபடி இறங்கத் தொடங்கும். பனிக்கட்டி உருகும்போதும் தண்ணீர் கொதிக்கும்போதும் இதே கதைதான். கொடுக்கிற சூடெல்லாம் நிலை மாறுவதற்கே செலவாகும், ஏறுவதற்கு மிச்சமிருக்காது.

இந்த அரிய உண்மையை வைத்துக்கொண்டு நான் உலைக்குத் தீயைக் குறைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வேலை வந்தது. திண்டிவனத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கல்யாணத்துக்கு முன்னால் எப்போதோ போட்டுவைத்த விண்ணப்பம். ஜூனில் பள்ளி திறக்கிற அன்று வந்து சேரும்படி உத்தரவு வந்திருந்தது. காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

என் கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. நல்லவர். இரண்டு பக்கமும் சம அளவில் தலையாட்டுவார். “நீ போனா நல்லாதான் இருக்கும்” என்று என்னிடம் சொன்னார். “அவ போனா வீட்டுக்கு கஷ்டம்தான்” என்று அவருடைய அப்பாவிடம் சொன்னார். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் நின்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய திறமை அவருக்கு இருந்தது.

மாமனார் உத்தரவைப் படித்துவிட்டு மடித்துவைத்தார். “யாரு சோறாக்கறது?” என்றார். அத்தை என்னைப் பார்த்தார்கள். நான் அடுப்பைப் பார்த்தேன். அவர் மூட்டிய தீ உலையின் இரண்டு பக்கமும் ஏறி எரிந்துகொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வேலையைப் பற்றிப் பேசத் தைரியமில்லாமல் தீயைப் பற்றிப் பேசினேன்.

“மாமா, தண்ணி கொதிச்சப்புறம் எவ்ளோ தீ வெச்சாலும் அதுக்கு மேல சூடு ஏறாது. கேஸுதான் வேஸ்ட்டு.”

அவர் சிரித்தார். “இத சொன்னதுக்கா உனுக்கு பட்டம் குடுத்தாங்க?” என்றார். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். “சரிம்மா. அளந்து காட்டு. ஒரு கோடு கூட ஏறலன்னு காட்டிட்டின்னா நீ வேலைக்குப் போ. ஏறிச்சுன்னா அந்த ஆர்டர அடுப்புல போட்டுட்டு, தீய கூட்டி வெச்சு சோறாக்கு.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு விளையாட்டாக இல்லை. அந்த வேலை எனக்கு வேண்டும். ராத்திரி படுத்தால் கரும்பலகையும் சாக்பீஸும் கண்ணுக்குள் வந்தன. ஊரில் எத்தனையோ பெண்கள் அழுது, பட்டினி கிடந்து, அண்ணன் தம்பியைக் கூட்டிவந்து பேசி வேலைக்குப் போனார்கள். நான் தண்ணீரை நம்பி இறங்கினேன்.

முதல் முயற்சியை என் கணவர் செய்தார். நான் கேட்கவில்லை. எனக்கு உதவுகிற உற்சாகத்தில், காய்ச்சலுக்கு வைக்கிற தெர்மாமீட்டரை எடுத்துக் கொதிக்கிற உலையில் விட்டார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். மனிதக் காய்ச்சலுக்குச் செய்த கருவி அந்தக் காய்ச்சலைத் தாங்கவில்லை. கண்ணாடி உடைந்து பாதரசம் அரிசியோடு சேர்ந்தது. அன்றைக்குச் சோற்றையெல்லாம் கொல்லையில் குழிதோண்டிப் புதைத்தோம். “இன்னாடா, நூறு தாண்டிச்சா?” என்று மாமனார் கூடத்திலிருந்து விசாரித்தார்.

அடுத்த வாரம் அம்மா வீட்டுக்குப் போகிற சாக்கில் திண்டிவனம் போனேன். வேலை கொடுத்த பள்ளியின் தலைமை ஆசிரியையிடமே போய், சோதனைக்கூடத் தெர்மாமீட்டர் ஒன்று இரவல் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். வீட்டில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று நிரூபித்தால்தான் நான் வேலைக்கு வரமுடியும் என்றேன். அதிகம் கேட்காமல் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொடுத்தார். “சேர வர்றப்ப மறக்காம எடுத்துக்கினு வாங்க” என்றார். இருக்கையின் ஆணி குத்துகிற பஸ்ஸில், அந்தக் குச்சியை மடியில் கைக்குழந்தைபோல் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கூடியது. மாமனாரிடம் முன்பு ஃபயர்மேனாக இருந்த நண்பர் ஒருவர் சாட்சியாக வந்து உட்கார்ந்தார். தெர்மாமீட்டரின் குமிழ் பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் மட்டும் நிற்கும்படி நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அளவை யார் படிப்பது என்ற கேள்வியே எழவில்லை. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். அவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சண்டைக்காரர், பிடிவாதக்காரர், ஆனால் மீட்டரில் உள்ளதை மாற்றிச் சொல்லமாட்டார். முள்ளைத் தப்பாகச் சொல்கிறவன் டிரைவரே இல்லை என்பார். என் பிழைப்பு முழுக்க அந்த ஒரு குணத்தை நம்பித்தான் இருந்தது.

பாதரசக் கோடு ஏறிக்கொண்டே வந்தது. எழுபது, எண்பது, தொண்ணூறு. நூறில் வந்து நின்றது. தண்ணீர் தளதளத்தது. மாமனார் திருகை முழுக்கத் திறந்தார். நீலத் தீ சீறியது. கோடு நின்ற இடத்திலேயே நின்றது. எனக்கு உள்ளுக்குள் பாட ஆசையாக இருந்தது.

அப்போதுதான் அத்தை வந்தார்கள். வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு நாலு பேர் வேடிக்கை பார்ப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. “கேஸ் எரியுதே, வீணா போவுதே. வந்தவருக்கு கொறிக்க இன்னாத்த குடுக்கறது?” என்று, முறத்தில் கழுவி வைத்திருந்த பச்சை மல்லாட்டையை, தோலோடு இருந்த வேர்க்கடலையை, அப்படியே பாத்திரத்தில் கொட்டி, ஒரு கை நிறையக் கல்லுப்பையும் போட்டுவிட்டார்கள். விஞ்ஞான வரலாற்றில் எந்தச் சோதனைக்கும் இப்படி ஒரு கதி வந்திருக்காது. எங்கள் பக்கத்தில் மட்டும்தான், கொதிக்கிற தண்ணீரைக் கண்டால் மல்லாட்டை தானாக உள்ளே விழும்.

கோடு சடாரென்று இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறியது. தண்ணீர் மறுபடி கொதித்தது. இந்தத் தடவை கோடு பழைய இடத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டி, நூறுக்கு மேலே ஒரு கோட்டில் போய் நின்றது.

“ஏறிச்சு” என்றார் மாமனார். சத்தம்போட்டுச் சொல்லவில்லை. ஸ்டேஷன் வந்துவிட்டது என்பதுபோல் சொன்னார். ஃபயர்மேன் எட்டிப் பார்த்து, “ஆமாண்ணே, ஒரு கோடு ஏறித்தான் இருக்குது” என்று சாட்சி சொன்னார். என் கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

“உப்பு போட்டா கொதிக்கற சூடு கொஞ்சம் மாறும் மாமா. வெறும் தண்ணிக்குத்தான் நூறு” என்றேன்.

“தோத்தப்புறம் ஆளுக்கு ஒரு சாக்கு” என்று சொல்லி அவர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு பேர் எதிரில் அழக்கூடாது என்று கரண்டியை எடுத்து மல்லாட்டையைக் கிளறினேன்.

மல்லாட்டை வெந்தது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உரித்துத் தின்றார்கள். என் வேலையைத் தின்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அத்தை ஒன்றை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார்கள். “உப்பு தூக்கலா போச்சு” என்றார்கள். பிறகு மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இத பாருங்க. நான் போட்ட உப்புக்கு அவ வேலை போவணுமா? பின்னால கல்லடுப்பு சும்மாதான் இருக்குது. வேலிக்காத்தான் கட்டை மலையா கெடக்குது. வெறும் தண்ணிய வெச்சு, உங்களுக்கு எவ்ளோ தீ வோணுமோ அவ்ளோ மூட்டிக்குங்க. இன்னொருவாட்டி பாத்துடுங்க.”

மாமனார் எழுந்தார். கல்லடுப்பு, கட்டை, எவ்வளவு வேண்டுமானாலும் தீ. கேஸ் திருகு என்ற அற்ப சாதனத்தோடு இத்தனை நாள் மல்லுக்கட்டியவருக்கு இது பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்தது மாதிரி. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். ஃபயர்மேனும் வேட்டியை மடித்துக்கட்டினார். நெல் அவிக்கிற அண்டாவில் கிணற்றுத் தண்ணீர் பாதிக்கு ஊற்றி, குறுக்கே ஒரு கழியை வைத்துத் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டோம்.

பிறகு நடந்ததை விழுப்புரத்தில் வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. வைகாசி வெயிலில் ஓய்வுபெற்ற இரண்டு ரயில்வேக்காரர்கள், எங்கும் போகாத ஓர் அண்டாவை மெயில் வண்டி வேகத்தில் ஓட்டினார்கள். “போடு, போடு, ஜல்தி” என்று மாமனார் அதட்ட, ஃபயர்மேன் கட்டையை அள்ளி அள்ளிப் போட்டார். தீ அண்டாவின் விளிம்பைத் தொட்டது. தண்ணீர் குதித்தது. ஆவி வேப்பமரத்துக்கு மேலே போனது. நெருப்புக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மாமனார் கோட்டைப் பார்த்தார். தெர்மாமீட்டரைத் தட்டிப் பார்த்தார். கல்லூரியில் நாங்கள் தட்டியதைப் போலவே.

“அண்ணே, முள்ளு அசயல” என்றார் ஃபயர்மேன்.

“பேசாம போடு.”

போட்டார். கட்டை குறைந்துகொண்டே வந்தது. தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தது. கோட்டுக்கு மட்டும் எந்தக் கவலையும் இல்லை. கடைசியில் தெர்மாமீட்டரின் குமிழ் வெளியே தெரிகிற அளவுக்குத் தண்ணீர் இறங்கியபோது ஃபயர்மேன் மூச்சிறைக்கக் கீழே உட்கார்ந்துவிட்டார். மாமனாரின் புருவமயிர் கருகியிருந்தது. முகமெல்லாம் கரி. வேலையிலிருந்து வந்த நாட்களில் அப்படித்தான் இருப்பார் என்று அத்தை பிறகு சொன்னார்கள்.

“இத்தினி தீ போட்டனே, அந்த சூடெல்லாம் எங்கம்மா போச்சு?” என்று கேட்டார். கிண்டலாக இல்லை. உண்மையாகவே கேட்டார்.

“தண்ணிய ஆவியாக்கறதுக்கே போயிடுச்சு மாமா. மேல ஏத்தறதுக்கு மிச்சம் இல்ல.”

அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடைசி முறையாகக் கோட்டைப் படித்தார். “நூறுதான்” என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“முப்பது வருஷமா வாயால சொல்றேன், கேக்கல. கண்ணாடிக் குச்சி சொன்னா கேட்டுக்கறாரு” என்றார்கள் அத்தை.

கேட்டுக்கொண்டார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. அடுப்புப் பக்கமே வரவில்லை. சாப்பிடுவார், எழுந்துபோவார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. “அப்பா இன்னும் ஒண்ணும் சொல்லலியே” என்று என் கணவர் தினமும் வந்து எனக்குத் தெரிந்ததையே தெரிவித்தார். இதற்கிடையில் ஸ்டேஷன் டீக்கடையில் உட்கார்ந்து, ‘கொதிச்சப்புறம் தீய கொறைங்கடா, இது கூட தெரியல, நான் சோதன பண்ணிப் பாத்துட்டேன்’ என்று மாமனார் ஊருக்குப் பாடம் நடத்துவதாகச் சேதி வந்தது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.

வீட்டுக்குள் மட்டும் எண்பதில் நின்ற பாச்சை உருண்டை மாதிரி இருந்தார். உள்ளே ஏதோ மாறிக்கொண்டிருக்கிறதா, இல்லை வெறுமனே கோபமா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. பள்ளி திறக்கிற நாள் நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பந்தயத்தில் ஜெயித்தவள் நான்தான். ஆனாலும் அவர் வாயிலிருந்து வராமல் வாசற்படி தாண்ட எனக்குத் துணிச்சல் இல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

பள்ளி திறக்கிற அன்று காலையில் புடவை கட்டிக்கொண்டு, தெர்மாமீட்டரைப் பஞ்சில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். எதற்கும் கிளம்பி நிற்போம், தடுத்தால் தடுக்கட்டும் என்று நினைத்தேன். மாமனார் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வண்டிக்கு நேரமாச்சு” என்றார். கேட்டைத் திறந்தார். நான் தாண்டியபோது, “ஒரு நிமிஷம்மா” என்றார்.

நின்றேன்.

“தொறந்த அண்டாவுல ஏறல, ஒத்துக்கறேன். ஆவி அதுபாட்டுக்கு வெளிய போயிடுது. ஆனா எங்க பாய்லரு மூடி வெச்சது. ஆவிக்கு வெளிய போவ வழியில்ல. அதுல தீய போடப் போட அழுத்தம் ஏறும், தண்ணி நூறுல நிக்காது. அதுக்கும் மேல, எங்கயோ போவும். நான் பாத்த முள்ளு பொய் இல்ல.” கேட்டைச் சாத்திக்கொண்டே சொன்னார். “அதயும் சேத்து புள்ளைங்களுக்கு சொல்லு.”

இத்தனை நாள் அந்த மௌனத்துக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தான் ஓட்டிய என்ஜின் பொய்யாகிவிட்டதா என்று மனிதர் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் சொன்னது முழுக்கச் சரி. நான் அதைப் படித்தவள். அந்த ஒரு வாக்கியத்தை நானே முன்பே அவரிடம் சொல்லியிருக்கலாம். ஜெயிக்கிற அவசரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

“சொல்றேன் மாமா” என்றேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். அத்தை அடுப்பில் சாம்பாரை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போயிருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

“சொன்னியா?”

“சொன்னேன் மாமா.”

“புள்ளைங்க இன்னா சொல்லிச்சு?”

“அவ்ளோ சூட்டையும் அழுத்தத்தையும் பக்கத்துல வெச்சிக்கினு ஓட்டறவருக்கு பயமா இருக்காதான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு.”

அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பயமாக இருந்ததா என்று யாரும் அவரை அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. அடுப்படியில் சாம்பார் தளதளவென்று கொதித்து மேலே பொங்கி வந்தது. நான் உள்ளே போவதற்குள் அவர் எழுந்தார். உள்ளே போய்த் தீயைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.